மரத்தில் சிஎன்சி ரூட்டர்: ஃபீடும் ஆர்பிஎம்மும் கணக்குப் போட்டு வைக்கும் முறை

சிஎன்சி ரூட்டர் என்பது சுழலும் வெட்டுமுனையை (பிட்) கணினி சொல்லும் பாதையில் நகர்த்தி மரத்தை வெட்டும் மெஷின். அதைப் புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மரம் கரிகிறது; பயந்து ஃபீடை, அதாவது பிட் மரத்தில் நகரும் வேகத்தை, குறைக்கிறார்கள். இன்னும் கரிகிறது, இன்னும் குறைக்கிறார்கள். கடைசியில் பிட் கறுத்து, பட்டறை முழுக்கப் புகை.

மரம் கரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பிட் மெதுவாக நகர்வதுதான். ஒவ்வொரு பல்லும் சுற்றி வரும்போது ஒரு சீவலை வெட்டி எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். வெட்டும்போது உண்டாகும் சூட்டில் பெரும் பங்கை அந்தச் சீவல்தான் சுமந்து போகிறது. சீவல் வராமல் பல் வெறுமனே தேய்த்துக்கொண்டிருந்தால் சூடு பிட்டிலும் மரத்திலுமே தங்கிவிடும்.

ஆகவே சீவலின் தடிமனை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஃபீடும் ஆர்பிஎம்மும் (பிட் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) அதிலிருந்து வருபவை. கதவு, ஜாலி (துளை வேலைப்பாட்டுத் தட்டி), மாடுலர் கிச்சன் பலகை போன்ற வேலைகளுக்கு ஓடும் சாதாரண 3 அச்சு ரூட்டரை மனத்தில் வைத்தே கீழே உள்ளவற்றை எழுதியிருக்கிறேன்.

1. கணக்குக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

நான்கு எண்கள் கையில் இருக்க வேண்டும்: பிட்டின் விட்டம், அதில் எத்தனை ஃப்ளூட் (வெட்டும் பல்), ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ஓடக்கூடிய குறைந்தபட்ச, அதிகபட்ச ஆர்பிஎம், மெஷின் உதறாமல் வெட்டக்கூடிய அதிகபட்ச ஃபீடு. கடைசி எண்ணை விளம்பரத் தாளில் பார்த்து எழுதாதீர்கள். அதில் இருப்பது காற்றில் ஓடும் வேகம். வெட்டும் வேகம் அல்ல.

ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி ஹெர்ட்ஸை மட்டும் காட்டினால் 60ஆல் பெருக்குங்கள். சந்தையில் பெரும்பாலும் கிடைக்கும் 24,000 ஆர்பிஎம் ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் அந்த வேகத்தைத் தொடும். 300 ஹெர்ட்ஸ் என்றால் 18,000.

அப்புறம் அலகு. சாஃப்ட்வேரில் மி.மீ./விநாடி என்றும் மி.மீ./நிமிடம் என்றும் இரண்டு தேர்வு இருக்கும். 60 மடங்கு வித்தியாசம். முதல் நாளே பிட் உடைந்தால் இங்கே பாருங்கள்.

இன்னொரு பொறி கன்ட்ரோலரில் இருக்கிறது. கையில் பிடித்து இயக்கும் டிஎஸ்பி கன்ட்ரோலர்கள் சிலவற்றில், ஃபைலில் உள்ள எஃப் மதிப்பை (ஃபீடு எண்ணை) படிப்பதா, விட்டுவிடுவதா என்று ஒரு அமைப்பு உண்டு. விட்டுவிடும்படி இருந்தால் நீங்கள் கணினியில் எவ்வளவு மாற்றினாலும் மெஷின் தன் பழைய வேகத்திலேயே ஓடும். “ஃபீடை மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

2. பிடிமானத்தைச் சரிபார்த்துவிட்டு எண்ணுக்கு வாருங்கள்

ஆடும் பிட்டுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. காலெட்டை (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வளையம்) கழற்றித் துணியால் துடையுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மரத்தூளும் பிசினும் பிட்டை ஒரு பக்கமாகத் தள்ளும்.

காலெட்டை முதலில் நட்டில் ‘கிளிக்’ என்று உட்காரவைத்து, அப்புறம் ஸ்பிண்டிலில் திருகுங்கள். பலர் காலெட்டை ஸ்பிண்டிலில் போட்டுவிட்டு நட்டை மேலே முடுக்குகிறார்கள். அப்படிச் செய்தால் மையம் விலகிவிடும்.

இந்த ஆட்டம் ஏன் முக்கியம்? இரண்டு ஃப்ளூட் பிட்டில் ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. சீவல் என்று வைத்திருக்கிறீர்கள், பிட்டும் 0.05 மி.மீ. ஆடுகிறது. அப்போது ஒரு பல் வேலை முழுவதையும் செய்யும், மற்றது சும்மா உரசும். கணக்குச் சரியாக இருந்தும் ஓரம் கரியும்.

பிட்டைத் தேவைக்கு மேல் வெளியே நீட்டாதீர்கள். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. 18 மி.மீ. பலகை வெட்ட 22 மி.மீ. நீட்டினால் போதும். பலகையின் நடுப்பகுதி படுக்கையை விட்டு எழும்பாமல் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிடுங்கள். நான்கு மூலையிலும் கிளாம்ப் போட்டு நடுவில் துள்ளும் பிளைவுட்தான் பாதி உதறலுக்குக் காரணம்.

3. வேலைக்கு ஏற்ற பிட்

மரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு ஃப்ளூட் போதும். இரும்பு வெட்டும் நான்கு ஃப்ளூட் பிட்டை மரத்தில் போட்டால், சீவல் தடிமன் குறையாமல் இருக்க ஃபீடை இரண்டு மடங்காக்க வேண்டும். நம் மெஷின்கள் அதற்கு ஈடுகொடுக்காது. சீவல் வெளியேற இடமும் இருக்காது.

அப்கட் பிட் சீவலை மேலே தூக்கும். காடி சுத்தமாக இருக்கும், ஆனால் மேல்முகத்தில் சிலாம்பு எழும்பும். டவுன்கட் மேல்முகத்தைச் சுத்தமாக விடும். ஆழமான காடியில் தூளை உள்ளேயே அடைத்துச் சூடாக்கும். ஆகவே டவுன்கட்டை ஆழம் குறைந்த வேலைக்கு வையுங்கள்.

இரு பக்கமும் லேமினேட் ஒட்டிய பலகைக்குக் கம்ப்ரஷன் பிட். அதன் அடிப்பகுதி அப்கட், மேற்பகுதி டவுன்கட். முதல் பாஸிலேயே (ஒரு ஆழத்தில் பிட் ஒரு தடவை ஓடுவது ஒரு பாஸ்) அடியிலுள்ள அப்கட் பகுதி முழுக்க மரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அப்கட் பகுதி 6 மி.மீ. இருக்கும் பிட்டில் 4 மி.மீ. பாஸ் வைத்தால், மேல் லேமினேட்டை வெட்டுவது அப்கட் பற்கள்தான். விலை கொடுத்து வாங்கிய பிட் சாதாரண அப்கட் மாதிரியே சிலாம்பு எழுப்பும். அந்தப் பிட்டோடு 18 மி.மீ. பலகையை 9, 9 என்று இரண்டு பாஸில் வெட்டலாம். மெஷின் தாங்கினால் ஒரே பாஸ்.

4. சீவலின் தடிமனை முடிவு செய்யுங்கள்

ஒரு பல் ஒரு சுற்றில் எடுக்கும் தடிமனுக்குத்தான் சிப் லோடு என்று பெயர். தேக்கு போன்ற மரத்தில், பிட் விட்டத்தின் அளவுக்கு ஆழம் வைத்து வெட்டும்போது, நான் தொடங்கும் எண்கள் இவை:

3 மி.மீ. பிட்: 0.04 முதல் 0.08 மி.மீ.
6 மி.மீ. பிட்: 0.10 முதல் 0.20 மி.மீ.
12 மி.மீ. பிட்: 0.20 முதல் 0.40 மி.மீ.

பைன் போன்ற மென்மரத்துக்கும் எம்டிஎஃப்புக்கும் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) இதைவிடக் கால் பங்கு கூட்டலாம். பெல்ட்டில் ஓடும் சிறிய மேசை மெஷின் என்றால் கீழ் எண்ணில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மரத்துக்குக் குறையொன்றும் இல்லை. மெஷினின் சட்டம்தான் வளையும்.

பிட் கம்பெனிகளின் அட்டவணையில் இதைவிடப் பெரிய எண்கள் இருக்கும். அவை ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள தொழிற்சாலை மெஷினுக்கானவை. அந்த எண்ணை அப்படியே போட்டு மெஷின் ஸ்டெப் தவறி இடம் மாறினால் அட்டவணையைக் குறை சொல்ல முடியாது.

5. ஃபீடைக் கணக்கிடுங்கள்

சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்:

ஃபீட் = ஆர்பிஎம் × ஃப்ளூட் எண்ணிக்கை × சிப் லோடு

தேக்கில் 6 மி.மீ., இரண்டு ஃப்ளூட், 18,000 ஆர்பிஎம், சிப் லோடு 0.12 என்று எடுத்தால்: 18,000 × 2 × 0.12 = 4,320 மி.மீ./நிமிடம்.

இந்த எண்ணைப் பார்த்ததும் புதியவர்களுக்குக் கை நடுங்கும். 1,500 என்று போட்டுவிடுவார்கள். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 1,500 ÷ (18,000 × 2) = 0.04. தேக்கில் 6 மி.மீ. பிட் இந்தத் தடிமனில் வெட்டுவதைவிடத் தேய்ப்பதே அதிகம்.

சரி, உங்கள் மெஷின் உண்மையிலேயே 2,500க்கு மேல் உதறுகிறது. அப்போது ஃபீடை 2,500இல் வைத்துவிட்டு ஆர்பிஎம்மைக் குறைக்க வேண்டும்: 2,500 ÷ (2 × 0.12) = ஏறக்குறைய 10,400.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விஎஃப்டியில் ஓடும் ஸ்பிண்டில் வேகம் குறையக் குறைய அதே விகிதத்தில் பவரையும் இழக்கும். 24,000இல் 2.2 கிலோவாட் தரும் ஸ்பிண்டில், 12,000இல் சுமார் 1.1தான் தரும். தண்டிலேயே விசிறி உள்ள காற்றுக் குளிர்ச்சி ஸ்பிண்டில் என்றால், குறைந்த வேகத்தில் அதிக நேரம் ஓட்டும்போது உடம்பும் சூடாகும்.

அதனால் சிறிய மெஷினுக்கு என் முதல் பரிந்துரை ஒற்றை ஃப்ளூட் பிட். 18,000 × 1 × 0.12 = 2,160. ஆர்பிஎம் குறையவில்லை, பவர் போகவில்லை, சீவலின் தடிமனும் அப்படியே இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்ய ஏனோ பலருக்கும் மனம் வருவதில்லை. பல் அதிகமாக இருந்தால் நல்ல பிட் என்ற எண்ணம் போலிருக்கிறது.

பெரிய விட்டப் பிட்டுகளுக்கு எதிர்க் கவனம் தேவை. பலகை சமன்செய்யும் 50 மி.மீ. பிட்டை 24,000இல் ஓட்டக் கூடாது. அதன் ஓரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை விட்டம் தீர்மானிக்கிறது. பிட்டின் மேல் பொறித்திருக்கும் அதிகபட்ச ஆர்பிஎம்மைத் தாண்டவே தாண்டாதீர்கள்; பொறிக்கவில்லை என்றால் 12,000ஐ ஒட்டி வையுங்கள்.

6. ஆழமும் ஸ்டெப் ஓவரும்

மேலே சொன்ன சிப் லோடு, ஆழம் பிட்டின் விட்டத்துக்குச் சமமாக இருக்கும்போது பொருந்தும். விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் என்றால் சிப் லோடில் கால் பங்கைக் கழியுங்கள். மூன்று மடங்கு என்றால் பாதியைக் கழியுங்கள். 6 மி.மீ. பிட்டில் 12 மி.மீ. ஆழம் என்றால் 4,320 என்பது 3,240 ஆகும்.

எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஆழத்தைக் குறையுங்கள், ஃபீடைத் தொடாதீர்கள். ஆழத்தைக் குறைத்தால் பிட்டின் மேல் விழும் சுமை இறங்கும், சீவலின் தடிமன் மாறாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் மரத்தைக் கரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டெப் ஓவர் (பிட் பக்கவாட்டில் ஒரு தடவைக்கு எடுக்கும் அகலம்) பாதி விட்டத்துக்குக் கீழே இறங்கினால் சீவல் தானாகவே மெலிந்துவிடும். 6 மி.மீ. பிட்டில் 0.6 மி.மீ. மட்டும் பக்கவாட்டில் எடுத்தால், நீங்கள் வைத்த தடிமனில் 60 சதவீதம்தான் உண்மையில் வெட்டப்படுகிறது. அந்த இடத்தில் ஃபீடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றினாலும் தாங்கும். மெல்லிய ஃபினிஷ் பாஸில் கருப்புக் கோடு விழுவது இதனால்தான்: கொஞ்சம்தானே எடுக்கிறோம் என்று மெதுவாக ஓட்டுகிறார்கள்.

7. மரத்துக்குள் இறங்குவது

நேராகக் கீழே குத்தும்போது பிட்டின் நடுமுனை வெட்டுவதில்லை, அரைக்கிறது. ஆகவே இறங்கும் ஃபீடு வெட்டும் ஃபீடில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை.

அதைவிட நல்லது சாய்வாக இறக்குவது. பெரும்பாலான கேம் (CAM) சாஃப்ட்வேர்களில், அதாவது வெட்டும் பாதையைத் தயாரிக்கும் சாஃப்ட்வேர்களில், ரேம்ப் என்று ஒரு வசதி இருக்கும். பிட் முன்னே நகர்ந்துகொண்டே இறங்கும், பக்கப் பற்களும் வேலை செய்யும். வெட்டிய வட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரிந்த புள்ளி தெரிந்தால், பிட் குத்தி இறங்கிய இடம் அது. ரேம்ப் போட்டால் மறைந்துவிடும்.

8. துண்டு மரத்தில் ஓட்டிப் பாருங்கள்

அதே மரம், அதே தடிமனுள்ள கழிவுத் துண்டு ஒன்றை எடுத்து 300 மி.மீ. நீளமாவது நேர்க்கோடு வெட்டுங்கள். ஏன் அவ்வளவு நீளம்? மெஷின் முழு வேகத்தை எட்டவே தூரம் தேவை. 6,000 மி.மீ./நிமிடம் என்பது விநாடிக்கு 100 மி.மீ. முடுக்கம் 500 மி.மீ./விநாடி² உள்ள மெஷின் அந்த வேகத்தை எட்ட 10 மி.மீ., நிற்க இன்னொரு 10 மி.மீ. எடுத்துக்கொள்ளும். சின்னச் சதுரம் வெட்டிச் சோதித்தால் நீங்கள் சோதிப்பது மூலைகளை மட்டுமே.

வெட்டும்போது காதுக்கு வேலை கொடுங்கள். சீரான இரைச்சல் வந்தால் சரி. கீச்சென்று கத்தினால் பல் தேய்க்கிறது. ஃபீடைக் கூட்டுங்கள் அல்லது ஆர்பிஎம்மைக் குறையுங்கள். தடதடவென்று உதறினால் ஆழத்தைக் குறையுங்கள். ஸ்பிண்டிலின் சத்தமே இறங்கிக்கொண்டு போனால் பவர் போதவில்லை.

அடுத்து சீவலை விரலில் எடுத்துத் தேயுங்கள். தேக்கில் சரியான சீவல் சின்னச் செதில்களாக, விரலில் நெருடும். கோதுமை மாவு மாதிரி விரல் ரேகையில் ஒட்டினால் சிப் லோடு போதாது. எம்டிஎஃப்பில் இந்தச் சோதனை எடுபடாது. அது எப்படி வெட்டினாலும் தூள்தான்.

எம்டிஎஃப்புக்குச் சூட்டைப் பாருங்கள். ஸ்பிண்டில் முழுக்க நின்று, மெயின் சுவிட்சையும் அணைத்த பிறகு, பிட்டின் தண்டில் விரலை மெல்ல வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் தேய்கிறது.

டஸ்ட் கலெக்டர் ஓடும்போது கரிந்த வாசனை வந்தால் உடனே நிறுத்திப் பையைத் திறந்து பாருங்கள். தேய்ந்து கங்காகிய தூள் உறிஞ்சப்பட்டுப் பைக்குள் போய், மெஷின் நின்ற பிறகும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் கட்டாயம்; மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள்.

எல்லாம் சரியாக இருந்தால், ஃபீடு ஓவர்ரைடை (மெஷின் ஓடும்போதே ஃபீடைச் சதவீதக் கணக்கில் மாற்றும் அமைப்பு) பத்துப் பத்து சதவீதமாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரம் கெடத் தொடங்கும் இடத்திலிருந்து 20 சதவீதம் இறங்கி நில்லுங்கள். உங்கள் மெஷினுக்கு உங்கள் எண் அதுதான்.

9. கார்விங்கில் ஃபீடு ஏமாற்றும்

கதவில் பூவேலை, சுவாமி உருவம் என்று 3டி கார்விங்குக்குப் போகும்போது மேலே சொன்ன கணக்கு அப்படியே ஒட்டாது. கோடுகள் எல்லாம் துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஒரு மி.மீ.க்கும் குறைவாக இருக்கும். மெஷின் ஏறி இறங்கித் திரும்பிக்கொண்டே இருப்பதால் நீங்கள் வைத்த 5,000ஐ எட்டவே எட்டாது.

உண்மை ஃபீடைக் கண்டுபிடிக்க எளிய வழி: சாஃப்ட்வேர் சொன்ன நேரத்தையும் மெஷின் எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஒப்பிடுங்கள். அது இரண்டு மணி நேரம் என்று சொல்லி மெஷின் நான்கு மணி நேரம் எடுத்தால், சராசரி ஃபீடு நீங்கள் வைத்ததில் ஏறக்குறையப் பாதி. ரஃபிங் பாஸில் (முதலில் கரடுமுரடாக வெட்டி எடுக்கும் பாஸ்) அந்தப் பாதிக்கு ஏற்றபடி ஆர்பிஎம்மை இறக்குங்கள். 18,000க்குப் பதில் 12,000 அல்லது 13,000இல் ஓட்டினால் குழி மூலைகளில் கரிவது நிற்கும்.

ஃபினிஷ் பாஸில் இறக்க வேண்டாம். அங்கே ஓடுவது டேப்பர் பால்நோஸ், அதாவது முனை உருண்டு மேலே போகப் போகத் தடிக்கும் பிட். முனை 2 மி.மீ. விட்டமுள்ள உருண்டை, 0.2 மி.மீ. மட்டும் தொடும்போது வெட்டும் விட்டம் 1.2 மி.மீ.தான், நடுமையத்தில் வெட்டும் வேகமே பூஜ்யம். ஆர்பிஎம்மைக் குறைத்தால் மரம் வெட்டுப்படாமல் பிய்ந்து நார் எழும்பும். 18,000 அல்லது அதற்கு மேலேயே வையுங்கள். ஸ்டெப் ஓவர் முனை விட்டத்தில் 8 முதல் 10 சதவீதம். அதற்கும் கீழே போனால் நேரம்தான் போகும். உப்புத்தாள் போடும் வேலை பெரிதாகக் குறையாது.

10. ஃபினிஷ் பாஸும் திசையும்

வெளி ஓரம் வெட்டும்போது 0.3 முதல் 0.5 மி.மீ. விட்டுவைத்துவிட்டு, கடைசியில் முழு ஆழத்துக்கு ஒரு பாஸ் கொடுங்கள். பல பாஸில் விழுந்த படிக்கோடுகள் எல்லாம் போய்விடும்.

கன்வென்ஷனலில் பல், பிட் நகரும் திசையிலேயே மரத்தைச் சீவும்; கிளைம்பில் அதற்கு எதிர்த் திசையில் சீவும். ரஃபிங்கை கன்வென்ஷனலிலும் ஃபினிஷை கிளைம்பிலும் வைப்பது எனக்கு ஒத்துவருகிறது. கிளைம்பில் பல் மரத்தை உள்ளே அழுத்தி வெட்டும், சிலாம்பு குறையும். ஆனால் பிட் மரத்தைப் பிடித்து முன்னே இழுக்கும். கேன்ட்ரியில் (ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் சட்டம்) ஆட்டம் உள்ள மெஷினில் ஆழமான கிளைம்ப் வெட்டு ஆபத்து. அரை மி.மீ. மட்டும் எடுக்கும்போது இழுக்கும் விசை சிறியது, பயமில்லை.

வேம்பில் ரேகை மாறி மாறிப் பின்னியிருக்கும். எந்தத் திசையில் போனாலும் ஒரு பட்டை எதிர் ரேகைதான். அங்கே திசையை மாற்றிப் பயனில்லை. புது பிட், குறைந்த ஆழம்.

11. மரத்துக்கு மரம் மாறுவது

தேக்கில் சிலிக்கா இருக்கிறது. கூர் சீக்கிரம் போகும். எம்டிஎஃப்பிலும் பிளைவுட்டிலும் உள்ள பசையும் அப்படித்தான். நேற்று நன்றாக வெட்டிய அதே எண் இன்று கரிக்கிறது என்றால் எண்ணை மாற்றாதீர்கள், பிட்டைப் பாருங்கள். பல்லின் விளிம்பை வெளிச்சத்தில் காட்டுங்கள்: கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, மழுங்கியது வெள்ளைக் கோடாக மின்னும். சில நேரம் பிசின் மட்டும் படிந்திருக்கும். தின்னரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்தால் பழையபடி வெட்டும்.

ஈர மரத்தில் எந்த எண்ணும் நிற்காது. ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால் சீவல் உடைந்து வரும். அதற்கு மேல் போகப் போக நார் நாராக இழுக்கும். அப்படிப்பட்ட பலகையை உலர வையுங்கள், மெஷினோடு சண்டை போட வேண்டாம்.

12. எழுதி வைக்கும் முறை

ஒவ்வொரு பிட்டின் டப்பாவிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: மரம், ஆர்பிஎம், ஃபீடு, ஆழம், எத்தனை மணி நேரம் ஓடியது. சாஃப்ட்வேரின் டூல் டேட்டாபேஸிலும் மரத்துக்கு ஒரு பதிவாகப் போடுங்கள். “6 மி.மீ. எண்ட்மில்” என்று ஒரே பதிவை வைத்துக்கொண்டு எல்லா மரத்துக்கும் ஓட்டுபவர்கள், எம்டிஎஃப் எண்ணில் தேக்கை வெட்டி பிட்டை உடைப்பார்கள்.

ஓவர்ரைடில் ஏற்றி நிறுத்திய எண்ணை மறக்காமல் ஃபைலுக்குள் கொண்டுபோங்கள். 4,320இல் 120 சதவீதம் சரியாக வந்தால் 5,184 என்று டேட்டாபேஸில் திருத்திவிட்டு, ஓவர்ரைடை 100க்குத் திருப்பி வையுங்கள். இல்லையென்றால் அடுத்து வேறு பிட்டைப் போட்டு ஓட்டுபவருக்கு 20 சதவீதம் கூடுதல் வேகம் சொல்லாமல் கொள்ளாமல் காத்திருக்கும்.